தீக்கனவும் மனக்கோயிலும்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், ஆவடியையும் பட்டாபிராமையும் கடந்தால் வருவது திருநின்றவூர். தொண்டை நாட்டின் தொன்மையான ஊர்களுள் ஒன்றாகிய இங்கு, மரகதாம்பிகை உடனுறை இருதயாலீஸ்வரர் திருக்கோயில் அமைந்துள்ளது. இதயநோயால் வருந்துவோர் வந்து வழிபடும் தலமாக இதனைப் பலரும் அறிவர். உறக்கத்தில் அஞ்சி எழுவோரும் இத்தலத்து வரலாற்றை ஒருமுறை ஊன்றிக் கேட்பது தகும்.

இவ்வூரில் வாழ்ந்தவர் பூசலார் நாயனார். ஈசனுக்குக் கோயில் எடுக்க விரும்பிய அவரிடம் பொருள் இல்லை. எங்கும் தேடியும் கிட்டவில்லை. எனவே மனத்தினாலேயே பொருள் திரட்டினார், கல்லும் மரமும் கொணர்ந்தார், தச்சரை அமர்த்தினார், அடிநிலை தொடங்கிச் சிகரம் வரை எழுப்பி, கிணறும் குளமும் அகழ்ந்து, குடமுழுக்கிற்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் தான் எடுத்த கற்றளிக்குக் குடமுழுக்குச் செய்யக் காடவர் கோமான் எண்ணியிருந்தான். இறைவன் அவன் கனவில் தோன்றி, நின்றவூர்ப் பூசலாரின் கோயிலுக்குத் தாம் எழுந்தருள இருப்பதால் வேறு நாள் கொள்ளுமாறு பணித்தார். மன்னன் நின்றவூருக்கு வந்து கோயிலைத் தேடினான், எங்கும் இல்லை. இந்த வரலாற்றைப் பெரியபுராணத்தில் பாடியவர் பூந்தமல்லியை அடுத்த குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் பெருமான்.

இதில் கனவு வந்தது மன்னனுக்கு. பூசலார் செய்தது கனவன்று. விழித்திருக்கும் வேளையில், நாள்தோறும், ஒன்றையே ஒழுங்காக உள்ளத்தில் அமைத்தல். மீண்டும் மீண்டும் வரும் தீக்கனவுக்கு இன்றைய மருத்துவம் காட்டும் வழியும் ஏறத்தாழ இத்தகையதே.

அந்த வழியைக் கூறுமுன், மக்களிடையே உள்ள ஓர் அச்சத்தைக் களைதல் வேண்டும். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பர். கண்ணகியும் கோவலனும் பாண்டிமாதேவியும் கண்ட கனவுகள் சிலப்பதிகாரத்தில் பலித்தன என்பது உண்மையே. ஆனால் காப்பியத்தில் கனவு வரப்போவதை உரைக்கும். வாழ்வில் அது பெரும்பாலும் வந்துபோனதையே திரும்பக் காட்டும். உறக்கத்தில் கண்மணிகள் விரைந்து அசையும் ஒரு நிலை உண்டு. தெளிவான கனவுகள் பெரிதும் அந்நிலையிலேயே தோன்றும். இரவின் முற்பகுதியில் குறுகியிருக்கும் அந்நிலை, விடியலை நெருங்க நெருங்க நீளும். விடியற்காலைக் கனவு நினைவில் நிற்பது இதனாலேயே. அது பலிக்கும் என்று அஞ்சிப் பரிகாரத்திற்காகக் கடன் வாங்குவோரும் உளர்; அது வேண்டாத துயரம்.

துன்ப நிகழ்ச்சி, கவலை, காய்ச்சல், உறக்கக் குறைவு ஆகியவை தீக்கனவைத் தூண்டும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையைப் போன்ற இடங்களில் முறைமாற்றிப் பணிபுரிவோர்க்கு உறக்க நேரம் நிலைப்பதில்லை. இரத்த அழுத்தத்திற்கும் மனச்சோர்விற்கும் தரப்படும் மருந்துகளுள் சிலவும் தீக்கனவைத் தரலாம். ஆயினும் மருத்துவரைக் கேளாது அவற்றை நிறுத்தலாகாது. உறங்குவதற்கெனக் குடிப்பவர் ஏமாறுகிறார். மது முன்னிரவில் உறக்கத்தைத் தந்து பின்னிரவில் அதனைக் கலைக்கும்; திடீரெனக் குடியை விடுங்கால் கொடுங்கனவுகள் மிகும்.

இனி வழி. 2015 டிசம்பர்ப் பெருமழையிலும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலிலும் அம்பத்தூர், கொரட்டூர்ப் பகுதிகளில் வெள்ளம் புகுந்ததை மக்கள் மறந்திலர். வீட்டிற்குள் நீர் ஏறுகிறது, கதவு திறக்கவில்லை என்ற கனவையே ஒருவர் அடிக்கடி காண்பதாகக் கொள்வோம். அவர் பகற்பொழுதில் அமைதியாக அமர்ந்து அக்கனவைச் சுருக்கமாக எழுத வேண்டும். பின் அதனைத் தாம் விரும்பியவாறு மாற்ற வேண்டும். கதவு திறக்கலாம், நீர் வடியலாம், அண்டை வீட்டார் படகுடன் வரலாம், நீர் திருக்குளமாகிப் படிக்கட்டுகள் தோன்றவும் செய்யலாம். நடக்கக்கூடியதா என்ற ஆராய்ச்சி இங்கு வேண்டுவதில்லை. மாற்றிய கனவை மட்டும் நாள்தோறும் பத்து முதல் இருபது நிமிடம், காட்சி காட்சியாக மனத்தில் நடத்திப் பார்க்க வேண்டும். பழைய கனவைத் திரும்ப எண்ணுதல் கூடாது. மிகக் கொடிய கனவை முதலில் எடுக்காமல், சற்று எளியதில் தொடங்குதல் நலம்.

பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாகித் தீக்கனவால் வருந்திய பெண்களிடம் இம்முறையை ஆராய்ந்து, பேரி கிராகோ என்னும் அமெரிக்க மருத்துவரும் குழுவினரும் 2001ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கனவுகள் குறைந்தன, உறக்கமும் சீர்பட்டது. அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2018இல் இம்முறையைப் பரிந்துரைத்தது. ஓரிரு நாளில் பயன் தெரியாது; சில வாரங்கள் ஆகும். பூசலாரும் தம் கோயிலை ஒரே நாளில் கட்டி முடித்தாரில்லை.

திருநீறு அணிந்து, இறைநாமம் கூறி உறங்கச் செல்வது நெஞ்சை அமைதிப்படுத்தும். அதை விட வேண்டியதில்லை. ஆனால் விபத்து, வன்முறை, உற்றார் மறைவு ஆகியவற்றின் பின் கனவுகள் தொடர்ந்து, உறங்கவே அச்சம் உண்டானாலும், பகலிலும் அக்காட்சி கண்முன் வந்தாலும், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எழுந்தாலும் தாமதமின்றி மனநல மருத்துவரை நாட வேண்டும். கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனை உள்ளது. 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். உரத்த குறட்டையுடன் மூச்சுத் திணறி எழுபவர் அதனையும் மருத்துவரிடம் கூற வேண்டும்.

சிறு குழந்தைகள் உறங்கிய சில மணி நேரத்தில் அலறி எழுந்து, காலையில் எதுவும் அறியாதிருப்பது வேறு வகை. அவ்வேளையில் குழந்தையை உலுக்கி எழுப்பாமல், விழுந்து அடிபடாதவாறு அருகிருந்து காத்தல் போதும். வளர வளர அது பெரும்பாலும் நீங்கிவிடும்.

திருநின்றவூர்த் திருக்கோயிலின் கருவறையில் இறைவனுக்கு அருகிலேயே பூசலார் திருவுருவமும் உள்ளது. தரிசனம் முடித்தோர் பிராகாரத்தில் சிறிது நேரம் கண்மூடி அமர்ந்திருப்பதைக் காணலாம்.