பாக்கு நீரிணையைக் கடக்கக் கடவுச்சீட்டு வேண்டுமா?

காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலேறுபவருக்கும், பலாலியிலிருந்து சென்னைக்குப் பறப்பவருக்கும், அவ்வாறே அக்கரையிலிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வருபவருக்கும் கடவுச்சீட்டு கட்டாயம் என்பதே இன்றைய சட்டநிலை. ஆயினும் இதே கடலின் நடுவே, யாழ்ப்பாண மாவட்டத்தின் நெடுந்தீவுப் பிரதேச செயலகப் பிரிவுக்குள் அடங்கும் கச்சதீவில், ஆண்டுக்கு ஒருமுறை ஆயிரக்கணக்கான இந்தியர் கடவுச்சீட்டோ விசாவோ இல்லாமல் இலங்கை மண்ணில் இறங்கி, ஓரிரவு தங்கி, வழிபட்டுத் திரும்புகின்றனர். அது அதிகாரிகள் கண்டும் காணாமல் விடும் சட்டமீறல் அன்று, இரண்டு அரசுகள் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட உரிமை. இந்த விதிக்கும் இந்த விலக்குக்கும் இடையே, இரண்டிலும் சேராத மூன்றாம் தரப்பினரும் உள்ளனர்: போர்க்காலத்தில் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள இரவோடிரவாகத் தோணியேறி, இன்று ஊர் திரும்ப விரும்பும் ஏதிலிகள். கடவுச்சீட்டு வேண்டுமா என்ற வினா குடாநாட்டில் மிகக் கூர்மையாக எழுவது அவர்களைப் பொறுத்தே ஆகும்.

கடவுச்சீட்டு என்பது அதை வைத்திருப்பவர் யார், எந்த நாட்டின் குடிமகன் என்பதை அவரது அரசு பிற அரசுகளுக்குச் சான்றுரைக்கும் ஆவணம். அவரைத் தன் நாட்டுக்குத் திரும்ப ஏற்றுக்கொள்வதாக அந்த அரசு தரும் உறுதியும் அதில் உள்ளடங்கியுள்ளது. விசா என்பது செல்லும் நாடு தரும் நுழைவு அனுமதி. எனவே ஒன்று சொந்த அரசிடமும் மற்றது அயல் அரசிடமும் பெறவேண்டியவை. ஒருவர் தம் நாட்டுக்குத் திரும்பும் உரிமையைக் கடவுச்சீட்டு உண்டாக்குவதில்லை, அதை மெய்ப்பிக்க மட்டுமே உதவுகிறது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. இலங்கை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை, இலங்கைக்குத் திரும்பிவரும் சுதந்திரத்தை ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிய அடிப்படை உரிமையாகக் கூறுகிறது. ஒருவர் எந்த வழியால் வெளியேறினார் என்பதை அந்த உரிமைக்கு நிபந்தனையாக அது வைக்கவில்லை.

எல்லையைக் கடப்போர் அனைவரும் கடவுச்சீட்டு வைத்திருக்க வேண்டும் என்னும் வழக்கம் உலகிலேயே பழமையானதன்று. முதலாம் உலகப்போர்க் காலத்தில் ஒற்றர்களுக்கு அஞ்சி அரசுகள் கொண்டுவந்த கட்டுப்பாடு போருக்குப் பின்னும் நீடித்தது; 1920இல் உலக நாடுகள் சங்கம் பாரிஸில் கூட்டிய மாநாடே இன்றைய ஏட்டு வடிவத்துக்கு அடித்தளமிட்டது. அதற்கு முன்பும், அதன்பின் சில பத்தாண்டுகள் வரையும், பிரித்தானிய ஆட்சியின் கீழிருந்த இரு கரைகளுக்கும் இடையே சாதாரண மக்களின் போக்குவரத்து இத்தகைய ஏடுகளின்றியே நடந்தது. ஆறுமுக நாவலர் 1849இல் அச்சியந்திரம் வாங்கச் சென்னைக்குச் சென்றதும், 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதும் அத்தகைய காலத்தில்தான். வல்வெட்டித்துறையின் பாய்க்கப்பல்கள் சோழமண்டலக் கரையோடும் பர்மாவோடும் வணிகம் செய்தன. யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குச் சென்றது. சிதம்பரத்துக்குத் திருவாதிரை காணச் செல்வது குடாநாட்டுச் சைவக் குடும்பங்களுக்கு அயல்நாட்டுப் பயணமாகத் தோன்றியதே இல்லை.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், தனுஷ்கோடிவரை தொடருந்திலும் அங்கிருந்து தலைமன்னார்வரை நீராவிக் கப்பலிலும் பின்னர் மீண்டும் தொடருந்திலும் செல்லும் 'போட் மெயில்' சேவை இரு நாடுகளையும் ஒரே பயணமாக இணைத்தது. கட்டுப்பாடு அறவே இல்லாத காலம் அது என்று கருதுவது பிழை. பெருந்தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளரை மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் தடுத்துவைத்து, நோய் பரிசோதனை செய்தே அனுப்பினர். அன்று வாயிற்காவலராக நின்றவர் மருத்துவர், குடிவரவு அதிகாரி அல்லர். அதே மண்டபம் முகாம்தான் பிற்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் தப்பிச்சென்றோரை முதலில் பதிவுசெய்யும் இடமாயிற்று.

மாற்றம் விடுதலையோடு வந்தது. 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர், குடியகல்வோர் சட்டம் 1949 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, இலங்கைக்குள் நுழைவதற்கும் இலங்கையைவிட்டு வெளியேறுவதற்கும் உரிய ஆவணமும், அரசு அங்கீகரித்த துறைமுகமோ விமான நிலையமோ தேவை என்றாயிற்று. இச்சட்டத்தை அதே ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும். மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டமும், இந்தியரின் வருகையைத் தடுக்க முனைந்த சட்டமும் ஒரே அரசியல் அச்சத்திலிருந்து பிறந்தவை. தென்னிந்தியாவிலிருந்து அனுமதியின்றி வருவோரைத் தடுப்பதற்கென 1952இல் 'மொன்டி நடவடிக்கை' என்ற பெயரில் படையினர் வடமேற்குக் கரையில் நிறுத்தப்பட்டனர். 1963இல் அது தனிச் செயலணியாக விரிவாக்கப்பட்டது. தலைமுறைகளாக ஓடிய தோணிப் போக்குவரத்து ஒரு தேதியிலிருந்து குற்றமாயிற்று, ஆனால் அதற்குக் காரணமான உறவும் வணிகமும் வழிபாடும் அந்தத் தேதியில் நின்றுவிடவில்லை. கடவுச்சீட்டு எப்போதும் விரும்பிச் செல்பவரின் ஆவணமாக இருந்ததில்லை என்பதற்கும் இக்காலமே சான்று: 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியக் கடவுச்சீட்டு வழங்கப்பட்ட மலையக மக்கள், தாம் பிறந்த நாட்டைவிட்டுத் தலைமன்னார் வழியே அனுப்பப்பட்டனர்.

கச்சதீவு விலக்கு இந்தப் பின்னணியில்தான் விளங்கும். ஏறத்தாழ 285 ஏக்கர் பரப்புடைய, குடிநீரும் குடியிருப்பும் இல்லாத இத்தீவு, 1974 ஜூன் 26ஆம் தேதி கொழும்பில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் 28ஆம் தேதி புதுடில்லியில் இந்திரா காந்தியும் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தினால் எல்லைக்கோட்டின் இலங்கைப் பக்கத்தில் அமைந்தது. ஒப்பந்தத்தின் 5ஆம் உறுப்புரை, இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே கச்சதீவுக்கு வந்துபோகலாம் என்றும், அதற்கென அவர்கள் பயண ஆவணமோ விசாவோ பெறவேண்டும் என இலங்கை கோராது என்றும் கூறுகிறது.

இந்த வாசகத்தின் எல்லைகளை நுணுகி நோக்க வேண்டும். முதலாவது, விலக்கு கச்சதீவுக்கு மட்டுமே உரியது; அங்கு இறங்கிய யாத்திரிகர் ஒருவர் குறிகட்டுவானுக்குத் திரும்பும் படகில் ஏறி யாழ்ப்பாணம் வந்தால், அக்கணமே சாதாரணச் சட்டம் அவரைப் பற்றிக்கொள்ளும். அடுத்து, கட்டுப்பட்டிருப்பது இலங்கை மட்டுமே. தன் குடிமக்களிடம் இந்தியா எதைக் கேட்கலாம் என்பதை அது தடுக்கவில்லை. எனவேதான் இராமேசுவரத்திலிருந்து புறப்படுவோர் முன்கூட்டியே பெயர் கொடுத்து, அடையாள அட்டை காட்டி, பதிவுபெற்ற படகுகளில் மட்டுமே செல்கின்றனர். மூன்றாவதே மிகுந்த பிணக்குக்கு இடமானது: வந்துபோகும் உரிமை மீன்பிடிக்கும் உரிமை ஆகுமா என்பது. இரு நாட்டுப் படகுகளும் பரம்பரையாக அனுபவித்த உரிமைகளைப் பற்றி 6ஆம் உறுப்புரை பேசினாலும், 1976 மார்ச் மாத உடன்பாட்டையொட்டி இரு அரசுகளின் செயலாளர்கள் பரிமாறிக்கொண்ட கடிதங்கள், ஒரு நாட்டு மீனவர் மறு நாட்டின் கடற்பகுதியில் அனுமதியின்றி மீன்பிடிக்கக் கூடாது என்று தெளிவாக்கின. ஆகவே வலை உலர்த்தவும் இளைப்பாறவும் கச்சதீவில் இறங்குவது வேறு, இழுவைப் படகுகளோடு நெடுந்தீவுக் கடலில் நுழைவது வேறு. கடலடியைச் சுரண்டும் இழுவை மடியால் வலையையும் வாழ்வாதாரத்தையும் இழந்துவரும் வடக்குக் கடற்றொழிலாளர், இவ்விரண்டையும் ஒன்றாக்கும் எந்தப் பேச்சையும் ஏற்க மறுப்பது முற்றிலும் நியாயமானது.

கச்சதீவின் ஆண்டு வழிபாடான புனித அந்தோனியார் திருவிழா இத்தகைய பிணக்குகளுக்கு நடுவிலும் நிலைத்திருக்கிறது. பெப்ரவரியிலோ மார்ச்சிலோ நடைபெறும் இவ்விழாவுக்கான அழைப்பை யாழ்ப்பாண மறைமாவட்டம் விடுக்க, ஏற்பாடுகளை மாவட்டச் செயலகமும் கடற்படையும் செய்கின்றன. போர்க்காலத்தில் தடைப்பட்ட பெருவிழா, போர் முடிந்தபின் மீண்டும் இரு கரையினரும் கூடும் இடமாயிற்று. புதிய ஆலயம் 2016 டிசம்பரில் திருநிலைப்படுத்தப்பட்டது. கடவுச்சீட்டு எடுக்க வசதியோ சந்தர்ப்பமோ வாய்க்காத உறவினர்கள் சட்டப்படி முகம்பார்த்துப் பேசக்கூடிய ஒரே நிலம் அதுவாக இருப்பதால், அங்கு வருவோரில் பலருக்கு அது வழிபாடும் குடும்பச் சந்திப்பும் ஒருங்கே ஆகும்.

எனினும் இவ்விலக்கு ஒருபக்கமானது. வேளாங்கண்ணிக்கோ நாகூருக்கோ இராமேசுவரத்துக்கோ செல்லவிரும்பும் குடாநாட்டு யாத்திரிகருக்கு இதற்கு இணையான சலுகை எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. வேறு முறையும் உலகில் உண்டு. அவுஸ்திரேலியாவும் பப்புவா நியூகினியும் 1978இல் கையொப்பமிட்டு 1985இல் நடைமுறைப்படுத்திய ரொறஸ் நீரிணை உடன்படிக்கை, எல்லைக்கோட்டை வரைந்ததோடு நில்லாமல், அதன் இருபுறமும் வாழும் பூர்வீகக் குடிகள் வரையறுக்கப்பட்ட பாதுகாப்பு வலயத்துக்குள் கடவுச்சீட்டும் விசாவும் இன்றி உறவினரைக் காணவும், சடங்குகளில் பங்கேற்கவும், மரபுவழி மீன்பிடிப்பில் ஈடுபடவும் இடமளிக்கிறது. யார் வரலாம், எதற்காக வரலாம், எந்த எல்லைவரை வரலாம் என்பவற்றை வரையறுத்துவிட்டால் கடவுச்சீட்டு இல்லாத எல்லைப் பயணம் ஒழுங்கீனம் ஆகிவிடாது என்பதை அது காட்டுகிறது. பாக்கு நீரிணையில் அத்தகைய ஏற்பாடு யாத்திரைக்கும் குடும்பச் சந்திப்புக்கும் பொருந்தும், மீன்பிடிப்புக்குப் பொருந்தாது. பேரளவு இழுவைத் தொழிலை மரபுரிமை என்ற பெயரில் உள்ளே விடுவது குடாநாட்டுக் கடற்றொழிலாளருக்கு இழைக்கும் அநீதியாகும்.

1983க்குப் பின் தமிழ்நாட்டுக்குத் தப்பிச்சென்றோரின் நிலை இவற்றிலும் கடுமையானது. ஷெல் வீச்சுக்கும் விமானக் குண்டுகளுக்கும் நடுவே கொழும்புக்குச் சென்று கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிப்பது பெரும்பாலோருக்கு இயலாத செயல். அக்காலத்தில் குடாநாட்டைவிட்டு வெளியேற விடுதலைப் புலிகளின் அனுமதிச் சீட்டும், 1996க்குப் பின் படையினரின் அனுமதியும் தேவைப்பட்டதால், சொந்த நாட்டுக்குள் பயணம் செய்வதே ஆவணச் சிக்கலாக இருந்தது. 1951ஆம் ஆண்டின் ஏதிலிகள் சாசனம், உயிருக்கு அஞ்சி வந்தோரை அனுமதியின்றி நுழைந்ததற்காகத் தண்டிக்கலாகாது என்று கூறினாலும், இந்தியாவும் இலங்கையும் அதில் சேரவில்லை. ஆதலால் அவர்கள் இந்தியச் சட்டத்தின் பார்வையில் நெடுங்காலம் அனுமதியின்றிக் குடியேறியோராகவே கருதப்பட்டனர்.

2025 செப்டம்பர் 1ஆம் தேதி இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. அன்று நடைமுறைக்கு வந்த இந்தியாவின் புதிய குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டத்தின் கீழ் வெளியான விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சமடைந்து பதிவுபெற்ற இலங்கைத் தமிழரைக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமைக்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விடுவித்தது. அதே நாளில் இலங்கை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் கடவுச்சீட்டு வழங்கும் பிராந்திய அலுவலகத்தைத் திறந்துவைத்து, கச்சதீவுக்கும் சென்றார். அதுவரை வவுனியாவுக்கோ கொழும்பை அண்டிய பத்தரமுல்லைக்கோ செல்லவேண்டியிருந்த குடாநாட்டு மக்களுக்கு அலுவலகத் திறப்பு உண்மையான நன்மை. கடவுச்சீட்டைக் கட்டாயமாக்கும் அரசுக்கு அதை மக்களின் கைக்கெட்டும் இடத்தில் வழங்கும் கடமையும் உண்டு.

அக்கரையில் தண்டனை நீங்கியபின்னும் இக்கரையில் அது நீங்கவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கீகரிக்கப்படாத இடத்திலிருந்து உரிய ஆவணமின்றி வெளியேறுவது இன்னும் குற்றமாக இருப்பதால், 2025 மே மாதத்தில் தமிழ்நாட்டிலிருந்து திரும்பிய முதிய ஏதிலி ஒருவர் பலாலி விமான நிலையத்தில் கைதுசெய்யப்பட்டார். போரிலிருந்து தப்பியதையே குற்றமாக்கும் இந்நடைமுறை, அரசியலமைப்பு தரும் திரும்பிவரும் சுதந்திரத்தோடு பொருந்தாது. போர்க்காலத்தில் வெளியேறியோருக்கு வழக்குத் தொடுப்பதிலிருந்து முழு விலக்களிக்கும் திருத்தம் அச்சட்டத்தில் சேர்க்கப்பட வேண்டும், அதிகாரிகளின் நல்லெண்ணத்தை நம்பி அதை விட்டுவிட முடியாது.

தமிழ்நாட்டு முகாம்களில் இன்னும் அரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்கின்றனர். அவர்களுள் பலர் அங்கேயே பிறந்தவர்கள். இலங்கைச் சட்டப்படி வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு வம்சாவளியால் குடியுரிமை கிடைக்க வேண்டுமானால் பிறப்பைப் பதிவுசெய்ய வேண்டும் என்பதால், சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் முதலில் பெற்றோரின் அடையாளத்தையும் திருமணத்தையும் மெய்ப்பிக்கும் பத்திரங்களைக் காட்டி, பின்னர் குடியுரிமைச் சான்றிதழும் அதன்பின் பயண ஆவணமும் பெறவேண்டும். அப்பத்திரங்களுள் பல வீடுகளோடு எரிந்துபோனவை, அல்லது இடம்பெயர்ந்த கச்சேரிகளில் தொலைந்துபோனவை. அவற்றின் மறுபிரதிகளை யாழ்ப்பாணத்திலிருந்து தேடியெடுத்து அனுப்பும் பணியை, இப்போது கடவுச்சீட்டு அலுவலகம் இயங்கும் அதே மாவட்டச் செயலகமே ஏற்று நடத்தலாம்.