மில்ஸ் கல்லூரியின் இரு வாயில்கள்

பிள்ளைகளுக்குக் கல்லூரி தேடும்போது பெரும்பாலும் பெரிய பெயரையே நாம் நாடுகிறோம். அளவிற் சிறிய தனியார் கல்லூரி ஒன்று எத்தனை வகைப்பட்ட மாணவர்க்கு இடமளித்தது என்பதை, அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து ஓக்லண்டு நகரிலிருந்த மில்ஸ் கல்லூரியின் வரலாற்றில் காணலாம்.

1852-இல் பெண்களுக்கெனத் தோன்றிய நிறுவனம் அது. இளநிலை வகுப்புகளில் மகளிர் மட்டுமே பயின்றனர். பட்ட மேற்படிப்பிலோ ஆடவருக்கும் இடமிருந்தது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய டேவ் புரூபெக் 1946-இல் அங்கு வந்து, இசைவாணர் டேரியஸ் மீயோவிடம் பாடம் கேட்டார். மீயோ பிரெஞ்சு நாட்டு யூதர். நாஜிப் படைகளுக்குத் தப்பி 1940-இல் புகலிடம் தேடி வந்தவர். மகளிர் கல்லூரி ஒன்றிலே அகதி ஆசிரியராகவும் போர்வீரர் மாணவராகவும் அமர்ந்த காட்சியை எண்ணிப் பாருங்கள்! புரூபெக் பின்னர் ஜாஸ் இசையிலே உலகப் புகழ் எய்தினார். பிற்காலத்தில், வேறு துறைகளில் பட்டம் பெற்றோர் கணினி இயலுக்கு மாறுவதற்கென்றே ஒரு மேற்படிப்பும் அங்கு நடைபெற்றது.

1990 மே மாதத்தில், பணமுடை காரணமாக, இளநிலை வகுப்புகளிலும் ஆடவரைச் சேர்ப்பதென நிர்வாகக் குழு தீர்மானித்தது. மேற்படிப்பில் ஆடவர் இருப்பதை ஏற்றிருந்த மாணவியர் இதனை ஏற்கவில்லை. இளம் பெண்கள் தயங்காமல் பேசிப் பழகும் வகுப்பறை பறிபோகும் என அஞ்சினர். பாடங்களைப் புறக்கணித்து, அலுவலக வாயில்களை மறித்தனர். இரண்டே வாரங்களில் தீர்மானம் கைவிடப்பட்டது.

வெற்றிதான், ஆயினும் பணமுடை தீரவில்லை. கடைசி ஆண்டுகளில் மாணவியருள் பாதிக்கு மேற்பட்டோர் வெள்ளையர் அல்லாதார். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி கண்டவர் பலர். இத்தகையோர்க்குப் பொருளுதவி மிகுதியும் வேண்டியிருந்தது. சேர்க்கையோ குறைந்துகொண்டே வந்தது. 2022-இல் பாஸ்டன் நகரத்து நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக் கழகத்துடன் மில்ஸ் இணைந்தது. இப்போது அவ்வளாகத்து இளநிலை வகுப்புகளில் ஆடவரும் பயில்கின்றனர்.