'லைக்லி' என்றால் மழை வருமா, வராதா?

ஐப்பசி மாதத்து ஒரு காலைப் பொழுது. மயிலாப்பூரில் என் சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தேன். தோய்த்த ஜமக்காளமும் கையுமாக மொட்டை மாடிப் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தாள் அவள். ஊஞ்சலில் ஆங்கிலப் பத்திரிகையுடன் அவள் கணவர்.

"ஏன்னா, மழை வருமா? ஜமக்காளத்தை உலர்த்தலாமா?"

"'ரெயின் லைக்லி'ன்னு போட்டிருக்கான்."

"லைக்லின்னா வருமா, வராதா? அதைச் சொல்லுங்கோ!"

"வரும்... வராமலும் இருக்கலாம்."

"இதைச் சொல்ல இங்கிலீஷ் பேப்பர் எதுக்கு? நானே சொல்லிடுவேனே!"

கூடத்தில் பூத் தொடுத்துக்கொண்டிருந்த மாமியார் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். "தட்டான் தாழப் பறக்கறது. உள்ளேயே கொடியிலே போடு" என்றார். விவாதம் முடிந்தது.

ஆனால், சிநேகிதி கேட்ட கேள்வி என்னை விடவில்லை. நாம் தினமும் புழங்குகிற ஆங்கிலத்தில், நிச்சயமில்லாததைச் சொல்லத்தான் எத்தனை வார்த்தைகள்! 'பாஸிப்ளி' என்றால் நடக்க இடம் உண்டு, அவ்வளவுதான். 'பெர்ஹாப்ஸ்', 'மேபி' இரண்டும் மதில்மேல் பூனை. 'ப்ராபப்ளி', 'லைக்லி' என்றால் நடப்பதற்கே வாய்ப்பு அதிகம். பேச்சு வழக்கில் இப்படித்தான் பொருள்.

நம்மைத் தடுக்கி விழச் செய்யும் வார்த்தை ஒன்று உண்டு. அதுதான் 'டவுட்'. "மழை வருமோன்னு சந்தேகமா இருக்கு" என்று நாம் சொன்னால், மழை வரும் போலிருக்கிறது என்று பொருள். அதை அப்படியே 'டவுட்' போட்டு ஆங்கிலத்தில் சொன்னாலோ, மழை வராது என்றே வெள்ளைக்காரர் எடுத்துக்கொள்வார்! நாம் நினைப்பதைச் சொல்ல அங்கே 'ஸஸ்பெக்ட்' என்ற வேறு வார்த்தை இருக்கிறது. நமக்கு இரண்டும் சந்தேகம்தான். வெளிநாட்டில் படிக்கும் பிள்ளை ஆசிரியரிடம் "எனக்கு ஒரு டவுட்" என்று எழுந்து நின்றால், 'நான் சொன்னதை இவன் நம்பவில்லையோ?' என்று அவர் புருவத்தை உயர்த்தக்கூடும். 'கொஸ்சின்' என்று சொல்லிவிட்டால் வம்பில்லை.

படித்தவர்களுக்குள்ளேயே இந்தக் குழப்பம் உண்டு. 1951-இல் அமெரிக்க உளவுத் துறை தயாரித்த ஓர் அறிக்கை, யுகோஸ்லாவியா மீது தாக்குதல் நடக்க 'ஸீரியஸ் பாஸிபிலிட்டி' இருப்பதாகச் சொல்லிற்று. அதில் பங்குகொண்ட ஷெர்மன் கென்ட் என்பவர் மனத்தில் வைத்திருந்தது நூற்றுக்கு 65. சகாக்களைக் கேட்டுப் பார்த்தார். ஒருவர் 20 என்றார். இன்னொருவர் 80 என்றார்! எல்லோரும் கூடி ஒப்புக்கொண்ட வாசகம்தான் அது. வார்த்தை ஒன்று, அர்த்தம் ஆளுக்கொன்று. இதைப் பற்றி அவர் 1964-இல் ஒரு கட்டுரையே எழுதினார்.

நம் வானிலை இலாகா இந்தத் தொல்லைக்கு ஒரு வழி செய்திருக்கிறது. வார்த்தைக்கு எண்ணைக் கட்டிவிட்டது. நூற்றுக்கு 25-க்குக் குறைவான வாய்ப்பு என்றால் 'அன்லைக்லி'. 25 முதல் 50 வரை 'லைக்லி'. 50 முதல் 75 வரை 'வெரி லைக்லி'. அதற்கு மேலே 'மோஸ்ட் லைக்லி'. கவனித்தீர்களா? வானிலை அறிக்கையில் வெறும் 'லைக்லி' என்றால் பாதிக்கும் குறைவு! ஆனால், உலகத் தட்பவெப்ப மாறுதலை ஆராயும் ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கைகளில் அதே 'லைக்லி'க்கு 66-க்கு மேல் என்று பொருள். ஒரே வார்த்தை, நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் ஒரு விலை, ஜெனிவாவில் ஒரு விலை!

நூற்றுக்கு 40 என்றால், ஊரில் நாற்பது பங்கு இடத்தில் மழை என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. இதே மாதிரியான நாட்கள் பத்து வந்தால், அவற்றில் நான்கில் மழை பெய்யும் என்பதே கணக்கு. இடத்துக்கு வேறு வார்த்தை உண்டு. 'ஓரிரு இடங்களில்' என்றால், மழை பதிவாகும் நிலையங்களில் கால் பங்கு வரைதான். அடையாற்றில் கொட்டித் தீர்த்து, தியாகராய நகரில் வெயில் காய்ந்தாலும் அறிக்கை தப்பாகிவிடாது.

இதெல்லாம் வெறும் இலக்கணம்தானா? இல்லை.

கோட்டூர்புரத்தில் என் அத்தை தரைத் தளத்தில் குடியிருந்தார். 2015 டிசம்பர் 1. "பலத்த மழை வரலாமாம்" என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். "வரலாம்னுதானே சொல்றா, பார்த்துக்கலாம்" என்றார் அத்தை. 'வரலாம்' என்ற சொல் அவர் காதில் 'வராது' என்று விழுந்தது. அந்த ஒரு நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வந்த தண்ணீரும் சேர்ந்து, அடையாறு அத்தையின் கூடத்துக்குள் நுழைந்தது. அத்தையும் அத்திம்பேரும் மாடி வீட்டில் தப்பினார்கள். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த பெண்ணின் சர்டிபிகேட்டுகளும் கல்யாண ஆல்பமும் கூழாகிவிட்டன. "மேல்தட்டுக்கு மாத்த அஞ்சு நிமிஷம் ஆகியிருக்குமா?" என்று அத்தை இன்றும் கேட்கிறார்.

2024 அக்டோபரில் நேர்மாறு. பலத்த மழை எச்சரிக்கையைக் கேட்டு வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சிவப்பு எச்சரிக்கை விடுத்த 16-ஆம் தேதி, பயந்த அளவு மழை இல்லை. சிலர் சிரித்தார்கள். என்னைக் கேட்டால், கார் வைத்தவர்கள் ஏமாறவில்லை. 'மோஸ்ட் லைக்லி'யும் நிச்சயமல்லவே!

ஆகவே, இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேட்டுக்கொள்ள வேண்டும். வர வாய்ப்பு எவ்வளவு? வந்துவிட்டால் நஷ்டம் எவ்வளவு? முதல் கேள்விக்கு வானிலை இலாகா பதில் சொல்லும். இரண்டாவதற்குப் பதில் வீட்டுக்காரிக்குத்தான் தெரியும். ஜமக்காளம் நனைந்தால் மறுநாள் காயும், துணிந்து உலர்த்தலாம். சர்டிபிகேட் நனைந்தால் காயாது. 'லைக்லி' என்ற வார்த்தையே போதும், மேல்தட்டில் ஏற்றிவிட.

அன்று என்ன ஆயிற்று என்கிறீர்களா? மாலை வரை ஒரு சொட்டு விழவில்லை. "தட்டான் பொய் சொல்லிடுத்தே!" என்று சிநேகிதி மாமியாரைச் சீண்டினாளாம்.

"தட்டானும் 'லைக்லி'ன்னுதாண்டி சொல்லித்து" என்றாராம் மாமியார்.