வானத்துக் கூரையும் சிற்றலையும்

1950களில் இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பைத் தமிழ்நாட்டு இல்லங்கள் பல ஆவலோடு கேட்டன. கடல் கடந்து அக்குரலைச் சுமந்து சென்றது சிற்றலை. ஒளியைப்போல் நேர்கோட்டிற் செல்லும் அலை, உருண்டையான புவியின் வளைவைத் தாண்டுவது எவ்வாறு?

மேல்வானில் மின்னேற்றமுற்ற படையொன்று உண்டென 1902இல் கெனலியும் ஹெவிசைட்டும் தனித்தனியே ஊகித்தனர். 1924இல் அப்பிள்ற்றன் அதனைச் சோதனையால் நிறுவினார். 1947இல் நோபெல் பரிசும் பெற்றார். ஞாயிற்றின் கதிர்கள் காற்றின் அணுக்களிலிருந்து இலத்திரன்களைப் பிரிப்பதாற் பிறக்கும் இந்த அயன்மண்டலமே சிற்றலையை வளைத்து மண்ணுக்கு மீட்டனுப்புகிறது.

மீடிறனைத் தேரும் கலை இங்கேதான் தொடங்குகிறது. மீடிறன் மிகுந்தால் அலை மண்டலத்தை ஊடுருவி விண்வெளிக்கு ஓடிவிடும். குறைந்தாலோ, பகலில் ஏறத்தாழ 60 முதல் 90 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் கீழ்ப்படை அதனை விழுங்கிவிடும். இரவில் அப்படை மறைகிறது. மேற்படையின் இலத்திரன் செறிவும் தளர்கிறது. ஆதலால் தொலைதூர ஒலிபரப்புக்குப் பகலில் 15, 17 மெகாஹேட்ஸ் போன்ற உயர் மீடிறன்களும், இரவில் 6, 7 மெகாஹேட்ஸ் போன்ற தாழ் மீடிறன்களும் ஏற்றவை. வளைந்து மீளக்கூடிய உச்ச மீடிறனில் நூற்றுக்கு 85 பங்கைத் தேர்வது பொறியியலாளர் வழக்கம். ஏறத்தாழ 11 ஆண்டுக்கொருமுறை ஞாயிற்றின் கரும்புள்ளிகள் பெருகுங்கால் அவ்வுச்சமும் உயரும்.

அலை தாவிச் செல்லும் இடைவெளியில் மௌன வலயம் ஒன்றும் உண்டு. தொலைவிலிருப்போன் கேட்பதை அருகிலிருப்போன் கேளாமற்போவது அதனாலேயே.

2004இன் ஆழிப்பேரலை அந்தமானின் தொலைபேசித் தொடர்புகளைத் துண்டித்தபோது, அங்கிருந்த அமெச்சூர் வானொலியாளர் சிற்றலைவழியே செய்தி அனுப்பினர். மனிதன் நிறுவிய கம்பிகள் அறுந்த வேளையிலும், ஞாயிறு வேய்ந்த கூரை அறுவதில்லை. அதன் இயல்பறிந்து மீடிறனைத் தேர்ந்தவனுக்கே அது துணைநிற்கும்.