பிள்ளையின் பல்லுக்குக் கிளிப் போடப் போகிறீர்களா?



ஒரு தோட்டத்தில் தாய்மார் கூட்டம் நடத்தினோம். கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகு ஒரு தாய் மட்டும் தயங்கி நின்றார். "எங்க மகளுக்கு முன்பல்லு ரெண்டும் வெளிய தள்ளிக்கிட்டு நிக்குதுங்க. பள்ளிக்கூடத்துல கிண்டல் பண்றாங்கன்னு வாயப் பொத்திக்கிட்டுத்தான் சிரிக்குது. கிளிப் போட்டா சரியாகுமாங்க? நம்மளால முடியுமாங்க?" என்று கேட்டார்.

அவர் கேட்டது இரண்டு கேள்விகள். சரியாகுமா என்ற கேள்விக்குப் பதில் சுலபம். பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சரியாகும். நம்மால் முடியுமா என்பதற்குத்தான் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. எத்தனை முறை போய்வர வேண்டும், வீட்டில் என்ன செய்ய வேண்டும், எது எதை விட வேண்டும் என்று முழுவதும் தெரிந்த பிறகே ஒரு குடும்பம் முடிவெடுக்கலாம். அதற்காகவே இதை எழுதுகிறோம்.

பல் ஏன் கோணுகிறது?

சில பிள்ளைகளுக்குத் தாடை சிறியது, பல் பெரியது. இடம் போதாமல் பல் ஒன்றன் மேல் ஒன்று ஏறிவிடும். இது தாய்வழியாகவோ தகப்பன் வழியாகவோ வருவது. நிலைப்பல் முளைத்த பிறகும் விரல் சூப்புகிற பிள்ளைக்கு முன்பல் வெளியே தள்ளும்.

இன்னொரு காரணம் நம் கையில் இருக்கிறது. "பால் பல்லுதானே, எப்படியும் விழப்போகுது" என்று சொத்தைப் பல்லைக் கவனிக்காமல் விடுகிறோம். பால்பல் என்பது பின்னால் வரும் நிலைப்பல்லுக்கு இடம் பிடித்து வைக்கும் பல். அது காலத்துக்கு முந்திப் போனால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சாய்ந்துவிடும். நிலைப்பல் வரும்போது இடம் இருக்காது. ஆகவே பால்பல்லையும் காட்டி அடைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வயதில் காட்டுவது?

ஏழு வயதளவில் ஒருமுறை பல் வைத்தியரிடம் காட்டுவது நல்லது. அன்றைக்கே கிளிப் போடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். பற்கள் எப்படி வருகின்றன என்று பார்த்து வைப்பார்கள். ஒட்டு கிளிப் பெரும்பாலும் 11 முதல் 14 வயதுக்குள், பால்பற்கள் விழுந்து முடிகிற காலத்தில் போடப்படும். பெரியவர்களுக்கும் போடலாம், ஆனால் தாடை வளர்கிற வயதில் செய்யக்கூடிய சில சிகிச்சைகளைப் பின்னர் செய்ய முடியாது.

எல்லாக் கோணலுக்கும் கிளிப் தேவையில்லை. கொஞ்சம் திரும்பிய பல் நோயல்ல. ஆனால் மிகவும் வெளியே தள்ளிய முன்பல், பிள்ளை தடுக்கி விழுந்தால் முதலில் உடைகிற பல். மேற்பல் கீழ்ப்பல்லுக்கு உள்ளே விழுந்து கடிப்பது, கீழ்ப்பல் மேல் ஈறில் குத்துவது, 14 வயதாகியும் கோரைப்பல் வராமல் இருப்பது போன்றவற்றை அவசியம் காட்ட வேண்டும்.

எங்கே போவது?

முதலில் பாடசாலைப் பற்சிகிச்சையாளரிடம் அல்லது அருகிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் வைத்தியரிடம் போங்கள். தேவையானால் அவர் துண்டு எழுதி, பல் சீரமைப்பு நிபுணரிடம் அனுப்புவார். ஆஸ்பத்திரியில் இவரை ஓர்த்தொடொன்டிஸ்ட் என்பார்கள். பேராதனை பல் போதனா வைத்தியசாலையிலும், கொழும்பு தேசிய பல் வைத்தியசாலையிலும், வேறு சில பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் இந்தச் சிகிச்சை உண்டு. ஹட்டனிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் கண்டிக்குப் போகிற பஸ் பேராதனையைக் கடந்துதான் போகும்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். ஏதாவது வெளியில் வாங்க வேண்டி வருமா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் காத்திருப்போர் அதிகம். ஆகவே முந்திப் பெயர் பதிவது நல்லது. தனியார் கிளினிக்கில் காத்திருப்பு குறைவு, செலவு அதிகம். அங்கே போவதானால் "மாதம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்காதீர்கள். முழுச் சிகிச்சைக்கும் எவ்வளவு, கிளிப் உடைந்தால் திருத்த எவ்வளவு, கடைசியில் போடுகிற தட்டுக்குத் தனிக் காசா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

டவுனில் யாரோ குறைந்த காசுக்கு ஒரே நாளில் கம்பி ஒட்டுகிறார் என்று கேள்விப்பட்டால் அவசரப்படாதீர்கள். பல் வைத்தியர் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். எக்ஸ்ரே எடுக்காமல், அச்சு எடுக்காமல் கம்பி ஒட்டினால் பல் போகக் கூடாத பக்கம் போகும், வேரும் பழுதாகும்.

முதல் சில தடவைகள்

முதல் நாள் கம்பி போட மாட்டார்கள். வாயைப் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், எக்ஸ்ரே எடுப்பார்கள். பசை மாதிரியான ஒன்றைத் தட்டில் வைத்துக் கடிக்கச் சொல்லி பல்லின் அச்சு எடுப்பதும் உண்டு. இரண்டு மூன்று நிமிடம் கொஞ்சம் ஓங்கரிக்கும். மூக்கால் மூச்சு விட்டால் சரியாகிவிடும்.

சொத்தை இருந்தால் முதலில் அடைக்க வேண்டும். ஈறு வீங்கியிருந்தால் முதலில் அது ஆற வேண்டும். பிள்ளைக்கு இருதய வால்வில் பழுது, வாதக் காய்ச்சல், வலிப்பு, நிக்கல் ஒவ்வாமை ஏதாவது இருந்தால், அல்லது தினமும் மருந்து குடித்தால், கேட்கும் முன்னரே சொல்லிவிடுங்கள்.

இடம் போதாவிட்டால் நல்ல பல்லையே இரண்டு அல்லது நான்கு பிடுங்க வேண்டும் என்று சொல்லக்கூடும். பலர் இங்கேதான் பயந்து திரும்பி விடுகிறார்கள். பத்துக் கன்று நிற்கிற இடத்தில் பன்னிரண்டு நட்டால் ஒன்றும் நேராக வளராது அல்லவா? அதே கணக்குத்தான் இதுவும். ஏன் பிடுங்குகிறார்கள் என்று விளக்கம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

எந்தக் கிளிப்?

கழற்றிப் போடும் தட்டு: பிளாஸ்ரிக் தட்டில் கம்பி பொருத்தியது. ஒன்றிரண்டு பல்லைச் சிறிது தள்ள உதவும். தாடை வளர்கிற பிள்ளைக்கு, மேலும் கீழுமாக இரண்டு கட்டை போல வேறொரு வகையும் கொடுப்பார்கள். இவை வாயில் இருந்தால்தான் வேலை செய்யும். சாப்பிடும்போது கடதாசியில் சுற்றி வைத்துக் குப்பையோடு போட்டுவிடுகிற பிள்ளைகள் நிறைய. இதற்கென்று ஒரு டப்பா வேண்டும். சுடுதண்ணீரில் கழுவினால் தட்டு வளைந்துவிடும்.

ஒட்டு கிளிப்: ஒவ்வொரு பல்லிலும் சிறு துண்டு ஒட்டி, அவற்றினூடே கம்பி ஓட்டுவது. அதிகமாகக் கோணிய பல்லுக்கு இதுதான். உலோகத் துண்டு உறுதியானது, விலை குறைந்தது. பல் நிறத்துத் துண்டு பார்வைக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் விலை கூட, சுலபமாக உடையும்.

கண்ணாடி போன்ற உறை: தனியார் கிளினிக்குகளில் கிடைப்பது. நாளுக்கு 20 முதல் 22 மணித்தியாலம் போட வேண்டும். செலவு மிக அதிகம்.

எந்த வகை பொருந்தும் என்பதைப் பல்லைப் பார்த்து வைத்தியர்தான் சொல்ல வேண்டும். உலோகமா, பல் நிறமா என்பது மட்டும் பெரும்பாலும் உங்கள் விருப்பம். உலோகக் கிளிப் குறைந்த சிகிச்சை அல்ல. கவலையில்லாமல் அதையே தெரிவு செய்யலாம்.

போட்ட பிறகு

ஒட்டும்போது வலிக்காது; வாயைத் திறந்து வைத்திருப்பதுதான் சிரமம். வலி பிறகு வரும். அன்றிரவு தொடங்கி மூன்று முதல் ஐந்து நாள் பல் கூசும், கடிக்க முடியாது. கஞ்சி, குழைந்த சோறு, பருப்பு, வாழைப்பழம் கொடுங்கள். தேவையானால் வயதுக்கேற்ற அளவில் பெரசிட்டமோல் கொடுக்கலாம். உதட்டிலும் கன்னத்திலும் கம்பி உரசிப் புண் வரலாம். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்புளித்து, கிளினிக்கில் தருகிற மெழுகைக் கம்பியின் மேல் ஒட்டினால் ஆறும்.

பல்லின் வேர் எலும்புக்குள் சீமெந்து பூசியது போல இறுகி நிற்பதில்லை. கம்பி மெல்லத் தள்ளுகிற பக்கத்தில் எலும்பு கரைந்து இடம் விடும். பல் விட்டு வந்த பக்கத்தில் புது எலும்பு வளரும். இதற்கு நாட்கள் வேண்டும். கவாத்து வெட்டிய மலையில் மறுநாளே கொழுந்து எடுக்க முடியுமா? "இன்னும் கொஞ்சம் இறுக்குங்க டொக்டர், சீக்கிரம் முடியட்டும்" என்று கேட்பதில் பயனில்லை. அளவுக்கு மீறி இறுக்கினால் வேர்தான் கெடும்.

சாப்பாடும் துலக்குவதும்

நம் வீட்டு ரொட்டி கிளிப்புக்குக் கொஞ்சம் கடினம். சிறு துண்டாகப் பிய்த்து, குழம்பில் ஊறவைத்து, கடைவாயால் மெல்லச் சாப்பிடலாம். முறுக்கு, கடலை, கரும்பு, எலும்பு, காய்க் கொய்யா, டொபி, சுவிங்கம் வேண்டாம். பேனை கடிக்கிற பழக்கத்தையும் விட வேண்டும். சீனி போட்ட தேத்தண்ணியை நாள் முழுக்க உறிஞ்சிக்கொண்டிருந்தால் கிளிப்பைச் சுற்றிச் சொத்தை பிடிக்கும். சாப்பாட்டோடு குடித்து முடித்து, வாயைத் தண்ணீரால் கொப்புளிக்கட்டும்.

ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும், முக்கியமாக இரவு படுக்குமுன், புளோரைட் உள்ள பற்பசையால் துலக்க வேண்டும். கரியும் சாம்பலும் வேண்டாம். கம்பிக்கு மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை, ஈறோரம் ஒருமுறை என்று பொறுமையாகத் துலக்கட்டும். துலக்காத பிள்ளைக்குக் கிளிப் கழற்றும்போது ஒவ்வொரு பல்லிலும் வெள்ளைத் தழும்பு நிற்கும். பல் நேராகியிருக்கும், ஆனால் அந்தத் தழும்பு முழுதாய்ப் போகாது.

கிளிப் துண்டு கழன்றால் அடுத்த தவணை வரும்வரை காத்திருக்காமல் கிளினிக்குக்கு அறிவியுங்கள். நீங்களே இழுத்துக் கழற்ற வேண்டாம். துண்டை விழுங்கிய பிறகு இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எத்தனை நாள் வேலை போகும்?

ஒட்டு கிளிப் பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு வருடம் வாயில் இருக்கும். நாலு முதல் எட்டுக் கிழமைக்கு ஒருமுறை போய்க் காட்ட வேண்டும். ஆறு கிழமைக்கு ஒன்று என்று வைத்தாலும் இரண்டு வருடத்தில் 17, 18 பயணம். கூடப் போகிறவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு பேர் போகும், பஸ் காசும் போகும். இதை ஒளிக்காமல் சொல்கிறோம். ஏனெனில் பல குடும்பங்கள் பாதியில் நிறுத்துவது பிள்ளையின் குறும்பால் அல்ல, இந்தக் கணக்கை முதலில் போடாததால்.

பாதியில் நிறுத்திய ஒரு வீட்டை நாம் கண்டோம். ஏழு மாதம் ஒழுங்காகப் போனார்கள். பிறகு வீட்டில் ஒரு மரணம், கடன், அதோடு நின்றுவிட்டது. கம்பி மட்டும் யாரும் பார்க்காமல் ஒரு வருடத்துக்கு மேல் வாயிலேயே இருந்தது. கடைசியில் கழற்றியபோது நான்கு பல்லில் சொத்தை. "போடாமலே இருந்திருக்கலாம்" என்று தகப்பன் சொன்னார். தொடர முடியாத நிலை வந்தால் வெட்கப்படாமல் கிளினிக்கில் சொல்லுங்கள். தவணையைத் தள்ளிக் கொடுப்பார்கள், முடியவே முடியாதென்றால் பத்திரமாகக் கழற்றி விடுவார்கள்.

சில வழிகளும் உண்டு. தாயும் தகப்பனும் மாறி மாறிப் போகலாம். பாட்டி, மாமா போகலாம். தவணைத் திகதியை முன்கூட்டியே தோட்ட ஒபிசில் சொல்லி வையுங்கள். பாடசாலை விடுமுறைக்குள் வருமாறு திகதி கேளுங்கள். ஒரே தோட்டத்தில் இரண்டு பிள்ளைகள் இருந்தால், ஒரே நாளில் தவணை கேட்டு ஒருவர் இருவரையும் கூட்டிப் போகலாம். சம்மதக் கையெழுத்து வேண்டிய நாளில் மட்டும் பெற்றோரே போக வேண்டும்.

கழற்றிய பிறகுதான் பாதி வேலை

கம்பி கழற்றிய பல் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். அதைப் பிடித்து வைக்க ஒரு தட்டோ, பல்லுக்குப் பின்னால் ஒட்டிய மெல்லிய கம்பியோ தருவார்கள். முதலில் பெரும்பாலும் முழு நாளும், பிறகு இரவில் மட்டும், வைத்தியர் சொல்லும் வரை போட வேண்டும். "பல்லு நேராயிடுச்சே, இனி எதுக்கு?" என்று எறிந்துவிட்டால் இரண்டு வருடப் பாடும் வீணாகும்.

அந்தத் தாயிடமும் இதையெல்லாம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மொதல்ல சொத்தப் பல்ல அடைச்சிக்கிறோம், பேரையும் பதிஞ்சி வைக்கிறோம். மத்தத வீட்டுல பேசிக்கிறோங்க" என்றார். நல்ல முடிவு. நீங்களும் அப்படியே செய்யுங்கள். கிளிப் போடுவதா வேண்டாமா என்பதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசி முடிவெடுங்கள். இரண்டு வருடம் துலக்கப் போவது அந்தப் பிள்ளைதான். அது மனதோடு "சரி" என்று சொன்னால், நம்மால் முடியும்.