உள்ளானின் காலில் ஓர் எண்

ஐப்பசி பிறந்துவிட்டால் பூந்தமல்லி, ஆவடி வட்டார நெல் வயல்களில் மஞ்சள் வாலாட்டிகள் வந்து இறங்கும். டிராக்டருக்குப் பின்னாலேயே ஓடி, புரளும் சேற்றில் இருந்து பூச்சி, புழுக்களைக் கொத்தும். செம்பரம்பாக்கம் ஏரியின் ஓரச் சேற்றில் உள்ளான்கள் மேயும். வைகாசியில் அதே வரப்பில் நின்று தேடினால் மஞ்சள் வாலாட்டியைக் காண முடியாது. இவை எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன? இதற்கு விடை தேடித்தான் இந்தப் பருவத்தில் சிலர் கோடியக்கரையில் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள்.

நாகப்பட்டினம் மாவட்டம், வேதாரண்யத்தை அடுத்துள்ள ஊர் கோடியக்கரை. வங்கக் கடல் பாக் நீரிணையாகத் திரும்பும் முனை அது. 1967-ல் சரணாலயமான இவ்விடம், 2002-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. பறவை அறிஞர் சாலிம் அலியின் முயற்சியால் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959-ல் வலசைப் பறவைகளுக்கு வளையமிடும் திட்டத்தைத் தொடங்கியது. அதன் முக்கியக் களங்களில் ஒன்று கோடியக்கரை. ஆய்வாளர்களுக்குத் துணையாக மாணவர்களும் தன்னார்வலர்களும் இங்கு வந்து தங்குகிறார்கள்.

காட்டுப் பறவைகளுக்கு வேலை விடியும் முன்பே தொடங்கும். மூங்கில் கழிகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நைலான் வலையை விரிப்பார்கள். விரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட முடியாது. அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும். வெயில் ஏறினாலோ, தூறல் விழுந்தாலோ உடனே சுருட்டிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருப்பதும் உண்டு.

உள்ளான்களுக்கு இரவுதான் நேரம், அதுவும் நிலவில்லாத இரவு. உப்பளப் பாத்திகளையும் சதுப்பையும் ஒட்டி வலை கட்டி, முழங்கால் சேற்றில் நடக்க வேண்டும். காலில் கீறல் இருந்தால் உப்புத் தண்ணீர் பட்டு எரியும். கொசுவைச் சொல்லவே வேண்டாம்.

வலையில் சிக்கிய பறவையை எடுப்பதுதான் பெரிய பாடம். முதலில் கால், பிறகு இறக்கை, கடைசியில் தலை. அவசரப்பட்டால் இறக்கை ஒடியும். துணிப்பையில் போட்டு எடை பார்ப்பார்கள். கொசு உள்ளான் ஏறக்குறைய 25 கிராம், கோழி முட்டையில் பாதி! அது வடதுருவத்தை ஒட்டிய பனி நிலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு வருகிறது. இறக்கை, அலகு, கால் நீளத்தை அளந்து, எண் பொறித்த அலுமினிய வளையத்தைக் காலில் பூட்டுவார்கள். ஒருவர் எண்ணைச் சொல்ல, எழுதுபவர் திருப்பிப் படிப்பார். ஓர் இலக்கம் தவறினாலும் அத்தனை பாடும் வீண். பறவை வாய் பிளந்து மூச்சு வாங்கினால் அளவெடுப்பதை விட்டுவிட்டுப் பறக்க விடுவார்கள். உரிமம் உள்ளவர்கள் மட்டுமே செய்யும் வேலை இது; மற்றவர்கள் வலை விரித்தால் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

இக்கலையைக் கற்றுத் தந்தவர்களில் பீகாரைச் சேர்ந்த மிர்ஷிகார்களும் உண்டு. பரம்பரையாகப் பறவை பிடித்தவர்கள். அவர்களில் அலி உசேன் இக்கழகத்துடன் சேர்ந்து, பறவையைக் காயமின்றிப் பிடித்துக் கொடுத்தார். உலகில் இம்முறையை ஒழுங்காகத் தொடங்கி வைத்தவரும் டென்மார்க்கின் பள்ளி ஆசிரியர் ஒருவர்தான். மார்ட்டென்சன் என்ற அவர் 1899-ல் மைனா இனக் குருவிகளுக்கு அலுமினிய வளையம் மாட்டினார்.

வளையம் மாட்டிய பறவைகளில் மிகச் சிலவே மறுபடி யார் கைக்காவது கிடைக்கின்றன. அந்தக் கை பெரும்பாலும் வயலில் நிற்கும் விவசாயியுடையது, அல்லது வலை இழுக்கும் மீனவருடையது. வழக்கு வருமோ என்று வளையத்தைத் தூக்கி எறிபவர்கள் உண்டு. 'உளவுப் பறவை' என்று ஊரே கூடிய கதைகளும் உண்டு. இரண்டிலும் வீணாவது, சேற்றில் நின்றவர்களின் ஓர் இரவு.

உங்கள் வயலில் வளையப் பறவை கிடைத்து, அது உயிரோடு இருந்தால் வளையத்தைக் கழற்றாதீர்கள். எண்ணையும் எழுத்தையும் அப்படியே எழுதி, முடிந்தால் படமெடுத்துப் பறக்க விடுங்கள். இறந்திருந்தாலும் எண் முக்கியம். கண்ட தேதி, ஊர், எப்படிக் கிடைத்தது, அண்மையில் மருந்து தெளித்த வயலா என்ற விவரங்களுடன் வனச்சரக அலுவலகத்திலோ, மும்பையில் உள்ள அக்கழகத்துக்கோ தெரிவியுங்கள். காலில் நிறப் பட்டை இருந்தால் பறவையைப் பிடிக்கவே வேண்டாம். தூரத்தில் இருந்தே அதன் நிறத்தையும் எழுத்தையும் குறித்துக்கொண்டால் போதும்.