ஊசிக்கு முன்னால் நாள் கணக்கு

2021 ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் கோவிடுக்கான ரெம்டெசிவிர் ஊசி வாங்க நின்ற வரிசையைத் தமிழ்நாடு மறந்திருக்காது. நின்றவர்கள் கையில் டாக்டர் சீட்டு, ஆர்.டி.பி.சி.ஆர். முடிவு, சி.டி. ஸ்கேன், ஆதார் நகல். மே 15-இல் விற்பனை நேரு விளையாட்டரங்கத்துக்கு மாறியும் கூட்டம் அடங்கவில்லை. சில நாட்களில் அரசு நேரடி விற்பனையை நிறுத்தி, தனியார் மருத்துவமனைகளுக்கே மருந்தைக் கொடுத்தது. அந்த ஊசி வேலை செய்யுமா, செய்யாதா என்பதே அன்றைய வாதம். என் பார்வையில் அது அரைக் கேள்வி. எத்தனையாவது நாளில், உடம்பில் அழற்சி எந்த அளவுக்கு ஏறியிருக்கும்போது என்பதுதான் மீதி.

ரெம்டெசிவிர் வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் மருந்து. கோவிடில் வைரஸ் கொழிப்பது பெரும்பாலும் முதல் வாரத்தில். அதற்குப் பின் பலருக்கு நுரையீரலைக் கெடுப்பது, வைரஸை விரட்டக் கிளம்பிய நம் எதிர்ப்பு சக்தியே மட்டுமீறிப் போவதுதான். இரத்தத்தில் சி.ஆர்.பி. என்ற புரதம் ஏறுவது இந்த அழற்சியின் ஓர் அடையாளம். அறிகுறி தொடங்கிய 7 நாட்களுக்குள், ஆபத்து அதிகமுள்ள வெளிநோயாளிகளுக்கு 3 நாள் ரெம்டெசிவிர் கொடுத்த ஆய்வில், மருத்துவமனையில் சேரும் நிலை 87 விழுக்காடு குறைந்தது. இந்தியாவும் பங்கேற்ற உலக சுகாதார நிறுவனத்தின் சாலிடாரிட்டி ஆய்விலோ, வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்கு அதே மருந்தால் பலன் தெரியவில்லை. அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டின் கதை நேர் எதிர். பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, வென்டிலேட்டர் நோயாளிகளின் இறப்பை 41.4 விழுக்காட்டிலிருந்து 29.3 ஆகக் குறைத்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு ஒரு பயனும் தரவில்லை.

"சாலிடாரிட்டியின் இறுதி முடிவில் ஆக்சிஜனில் இருந்தவர்களுக்கும் கொஞ்சம் பலன் இருந்ததே" என்று மறுக்கலாம். இருந்தது: இறப்பு 16.3-க்குப் பதில் 14.6 விழுக்காடு. ஆனால் ஆக்சிஜனில் இருப்பவர் எல்லாரும் ஒரே கட்டத்தில் இருப்பதில்லை. ஸ்பெயினின் எல்ச்சே நகர ஆய்வில் உயிர்காக்கும் பலன் தெரிந்தது, வைரஸ் மிகுந்து அழற்சி குறைந்திருந்தவர்களிடம்தான். அது நோயாளிகளைக் கவனித்துச் சொன்ன முடிவு, குலுக்கல் முறைச் சோதனை அல்ல. அதை மட்டும் நம்பி மருந்தை மறுக்கக் கூடாது. சி.ஆர்.பி.யும் தனிச் சாட்சி ஆகாது, பாக்டீரியாத் தொற்றிலும் அது ஏறும். நாள், ஆக்சிஜன் அளவு, இரத்தப் பரிசோதனை மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதுதான் வைத்தியம்.

ஆரணி போன்ற பட்டு நெசவு ஊரில் இந்த நாள் கணக்கு வெறும் ஏட்டுப் பேச்சில்லை. தறியில் ஏறிய பட்டுச் சேலையை அறுத்துக் கொடுத்தால்தான் நெசவாளிக்குக் கூலி. காய்ச்சல் வந்தாலும் மாத்திரை போட்டுக்கொண்டு தறிக்குழியில் இறங்கி உட்காருகிறவருக்கு, வைரஸ் மருந்து பலிக்கும் நாட்கள் அங்கேயே கழிந்துவிடும். மூச்சு வாங்கிய பிறகு வேலூருக்கோ சென்னைக்கோ ஓடி, விலை கூடிய ஊசிக்கு நகையை அடகு வைப்பதில் அர்த்தம் குறைவு. மெடிக்கல் ஷாப்பில் சொல்லி முதல் நாளே ஸ்டீராய்டு விழுங்குவது அதைவிட மோசம். லேசான தொற்றில் அது வைரஸுக்கே உதவக்கூடும் என்று டெல்லி எய்ம்ஸ் இயக்குநராக இருந்த ரந்தீப் குலேரியா 2021 மே மாதமே எச்சரித்தார். வீட்டில் வயதானவரோ சர்க்கரை நோயாளியோ இருந்தால், காய்ச்சல் தொடங்கிய தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.